மூன்று தசம் ஒன்று

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால்
ஆண்தான் உடுப்புப் பையோடு வெளிக்கிடுவது.
வீடு பெண்ணுக்கு.
அண்ணனும் அப்படித்தான் போனான்,
ஆரையம்பதியில் இருந்து சந்திவெளிக்கு,
மச்சாளின் வீட்டுக்கு.
நான் இருக்கிற இந்த வீட்டின் கல்லும் சீமெந்தும்
கட்டார் வெயிலில் எட்டு வருஷம் அவன் உழைத்தது.
உறுதியில் என் பெயர் மட்டும்.

பிறகு அவனுக்கு இரண்டும் பழுதாகி,
கண்டியில் ஒரு வியாழக்கிழமை
என்னிலிருந்து ஒன்று
அவனோடு குடிபோனது.
இடது பக்கத்தது.
"உங்கட குடும்பத்தில வீட்டை விட்டு வெளிக்கிட்ட
முதல் பொம்பிளை" என்று
மாஸ்க்குக்குள் சிரித்தாள் மச்சாள்.

போன இடத்தில் அதற்குச் சொந்தம் யாருமில்லை.
அவன் இரத்தத்துக்குக் கண் கூர்மை,
பிற ஆள் என்று கண்டால் கடித்துத் துரத்தும்.
அதை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கத்தான்
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் குளிசை.
கூடினால் கை நடுங்கும்,
காக்க வந்த மருந்தே கிட்னியைத் தின்னும்.
குறைந்தால் இரத்தம் விழித்துக்கொள்ளும்.
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டுமாம்.
கிளினிக் மிஸ் கடதாசியில் இரண்டு கோடு கீறிக் காட்டினா.
ஜம்போலா வாயில் வைக்கவே கூடாது என்றா.
எங்கள் வளவு ஜம்போலா மரத்தை அன்றைக்கே தறித்தேன்.
அவன் இந்த வளவுக்கு வருவது
வருஷத்தில் மூன்று தரம்.

இரவு எட்டுக்கு இரண்டு ரிங், பிறகு கட்.
போட்டுட்டன் என்று அர்த்தம். காசு போகாது.
சோறு வடிக்கும்போது,
மகளுக்குக் கணக்குச் சொல்லும்போது,
கரண்ட் போய் மெழுகுதிரி தேடும்போது
அந்த இரண்டு ரிங் வந்துவிடும்.
அதற்குப் பிறகுதான்
வலது பக்கம் சரிந்து படுப்பேன்.

மார்கழி அடைமழைக்குள் இரத்தம் எடுத்தார்கள்.
காலைக் குளிசையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
பெரியாஸ்பத்திரி வாங்கில் நானும் அவனும்.
முடிவு வர ஒன்பது நாள்.
மூன்று தசம் ஒன்று.

டொக்டர் மூன்று தரம் கேட்டார்.
அவன் தன் செருப்பைப் பார்த்தான்.
மருந்து முடிஞ்சுது, வெளியில வாங்குங்கோ என்று
துண்டு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து
ஒருநாள் விட்டு ஒருநாள்
இரவுக் குளிசையைத் திரும்பப் போத்தலுக்குள் போட்டிருக்கிறான்,
இருக்கிறது நீளட்டும் என்று.
"அப்ப கோல்?" என்றேன்.
"அது ஒருநாளும் பிந்தாம தந்தனான்தானே."

பஸ் ஸ்டாண்ட் மட்டும் நான் வாய் திறக்கவில்லை.
அவன் வடக்கே ஏறினான், நான் தெற்கே.
கல்லடிப் பாலத்தில் வாவி தளும்பி நின்றது.
முன் சீட்டில் இரண்டு பேர் சண்டை,
முகத்துவாரம் வெட்டுவதா விடுவதா என்று.
வெட்டினால் இறால் போகும் என்றான் ஒருவன்.
வெட்டாவிட்டால் என் வயல் போகும் என்றான் மற்றவன்.
கொண்டக்டர் மிச்சக் காசு தந்ததை
நான் எண்ணாமல் பொத்திக்கொண்டேன்.

காப்பு இரண்டும் அடகில் இருக்கிறது.
வீட்டு உறுதியை எடுத்து
விரித்துப் பார்த்துவிட்டுத்
திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

இப்போது ரிங் வந்தால் எடுக்கிறேன்.
காசு போகட்டும்.
"வாய்க்குள்ள வை. தண்ணியக் குடி.
எனக்குக் கேக்கோணும்."
அவனுக்கு ஐம்பத்தொரு வயது.
சந்திவெளியில் தொண்டை இறங்கும் சத்தம்
ஆரையம்பதியில் என் காதுக்குள்.
கிளாசை மேசையில் வைக்கிறான்.
"சரியா?"
"சரி."

வெறும் தண்ணியும் அப்படித்தான் இறங்கும்.
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
அடுத்த இரத்தம் செவ்வாய்க்கிழமை.